சுவர் கட்டிய பல்

பல் மருத்துவக் கல்லூரியின் மேல்மாடியில் பல்லின் நுண்ணமைப்பைக் கற்றுக்கொடுக்கும் பேராசிரியைக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயர் பல் ஜோசியர். அது அவள் காதுக்கு எட்டாது என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். எட்டாமல் இருக்குமா? எட்டியது மட்டுமில்லை, வீட்டில் கணவனிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தும் ஆகிவிட்டது. கல்லூரிக்குள் மட்டும் ஒன்றும் தெரியாதவள்போல் முகத்தை வைத்துக்கொள்வாள். அவ்வளவு பெருமையையும் மறைத்துக்கொள்ள அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

பெயர் சும்மா வரவில்லை. அவளுடைய செய்முறை வகுப்பில் ஆளுக்கொரு பிடுங்கிய பல்லை எடுத்துக்கொள்ள வேண்டும். கீழ்த்தளத்தில் நோயாளிகளுக்குப் பல் பிடுங்கும் அறையிலிருந்து, மருந்துநீர் நிறைந்த ஜாடியில் ஊறி வரும் பற்கள் அவை. முதலில் ரம்பத்தில் நெடுக அறுக்க வேண்டும். பிறகு சாணைக்கல்லில் தண்ணீர் விட்டுத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பின்னால் விரலை வைத்தால் ரேகை தெரிகிற அளவுக்கு அது மெலிய வேண்டும். கொஞ்சம் அவசரப்பட்டாலும் பல் பொடிப்பொடியாகிக் கல்லோடு போய்விடும். பாதிப் பேர் பல்லைவிடத் தங்கள் விரல்நுனியைத்தான் அதிகம் தேய்த்திருப்பார்கள்.

தப்பிப் பிழைத்த பற்களைக் கண்ணாடிச் சில்லில் ஒட்டி, நுண்ணோக்கியில் வைத்து, பெரிய திரையில் காட்டுவாள். அங்கே ஆரம்பிக்கும் ஜோசியம்.

"எனாமலைப் பத்தி என்கிட்ட யாரும் பேசாதீங்க," என்பாள். "அது மேக்கப். ஒரு தடவை போட்டது, போனா போச்சு. டென்டின் அப்படி இல்ல. எனாமலுக்கு அடியில மஞ்சளா, கொஞ்சம் வளைஞ்சு குடுக்கிற மாதிரி இருக்கே, அதுதான் பல்லு. அதுக்கு உயிர் இருக்கு. நடந்தது எல்லாத்தையும் ஞாபகம் வச்சுக்கும்."

பல் வளரும்போது கட்டிக்கொள்வது முதல் வகை டென்டின். வளர்ந்து முடிந்தபின் வயதோடு வயதாக உள்பக்கம் மெல்லப் படிந்துகொண்டே போவது இரண்டாவது. இந்த இரண்டையும் அவள் வேகமாகச் சொல்லி முடித்துவிடுவாள். அவளுக்குப் பிடித்தது மூன்றாவது. பல் தேய்ந்தாலோ, அடிபட்டாலோ, சொத்தை விழுந்தாலோ, அந்த இடத்துக்கு நேர் உள்ளே பல் ஒரு சுவர் எழுப்பும். அவசரத்தில் கட்டியதால் கோணலும் மாணலுமாக இருக்கும். ஆனால் வெளியே இருந்து வரும் தொல்லையை, பல்லின் நடுவில் நரம்பும் ரத்தமுமாக இருக்கும் உயிருள்ள கூழ் வரைக்கும் விடாது. அந்தச் சுவரை வைத்துத்தான் அவள் பல்லின் சொந்தக்காரரைப் பற்றி வண்டி வண்டியாகச் சொல்வாள்.

அன்றைக்கும் வகுப்பு களைகட்டியிருந்தது. முதல் பல்லைப் பார்த்துவிட்டு, "இந்த மனுஷன் பகல்ல யார்கிட்டயும் வாயைத் திறக்க மாட்டாரு. எல்லாக் கோபத்தையும் தூக்கத்துல பல்லைக் கடிச்சே தீத்துக்குவாரு. பாருங்க, மேல எப்படித் தேஞ்சிருக்கு, உள்ள எவ்வளவு சுவர்," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த பல்லை வைத்ததும் அவளே கிட்டே போய்ப் பார்த்தாள். அத்தனை அழகாகத் தேய்த்திருந்தது.

"யாருது இது?"

"என்னுது மேடம். அதாவது பல்லு என்னுது இல்ல, தேய்ச்சது நான்," என்று எழுந்தாள் ஒரு மாணவி. மூச்சுக்கு முந்நூறு கேள்வி கேட்கிறவள் என்பதால் அவளுக்கு வகுப்பில் கேள்விக்குறி என்று பெயர். அவள் எழுந்தாலே பின்வரிசை பெருமூச்சு விடும்.

"நல்லாப் பண்ணியிருக்க. எல்லாரும் நுனியைப் பாருங்க," என்றாள் பேராசிரியை. "மேல் வரிசை முன்பல். நுனியில ஒரு பள்ளம் தெரியுதா? சாப்பிட்டுத் தேஞ்சதா இருந்தா நுனி முழுக்க சமமாத் தேஞ்சிருக்கும். இது ஒரே இடத்துல, ஆப்பு அடிச்ச மாதிரி இறங்கியிருக்கு. என்ன தொழில், சொல்லுங்க பாப்போம்."

"தச்சுவேலையா மேடம்? ஆணியை வாயில வச்சுக்குவாங்களே."

"ஆணி இவ்வளவு மெல்லிசா அறுக்காது. இது நூல். தையல்காரங்க. கத்திரி கை எட்டுற தூரத்துலதான் கிடக்கும், எடுக்க மாட்டாங்க. நறுக்குன்னு பல்லால கடிச்சுட்டு அடுத்த துணிக்குப் போயிடுவாங்க."

"ஐயோ, கரெக்ட் மேடம்! தையல்காரம்மாதான்!" கேள்விக்குறி துள்ளிவிட்டாள். வகுப்பு கைதட்டியது. கைதட்டல் கேட்டால் யாருக்குத்தான் கால் தரையில் இருக்கும்? பேராசிரியை குச்சியை எடுத்துக்கொண்டு திரைக்குப் பக்கத்திலேயே போய் நின்றாள்.

"பள்ளத்துக்கு நேர் கீழே கறுப்பா ஒரு பட்டை இறங்குது பாருங்க. டென்டின் பூரா மெல்லிய குழாய்தான், ஒவ்வொண்ணுலயும் துளி நீர் இருக்கும்னு படிச்சிருக்கீங்க. குளிர்ந்த தண்ணி பட்டா அந்த நீர் அசையும், உள்ள இருக்கிற கூழ் கத்தும். இங்க அந்தக் குழாய் எல்லாம் செத்துப்போச்சு. காத்து அடைஞ்சு கிடக்கு, அதான் கறுப்பு. இந்தப் பட்டை போய் முடியிற இடத்துல பாருங்க சுவரை! கூழ் இருந்த அறையே பாதி தூந்துபோச்சு. ஒரு நாள்ல கட்டினதா இது? வருஷக்கணக்கா கட்டியிருக்கு. முதல்ல இவங்களுக்குத் தண்ணி பட்டாலே உயிர் போயிருக்கும். சுவர் எழும்ப எழும்ப வலி குறைஞ்சிருக்கும். சரியாயிடுச்சுன்னு விட்டிருப்பாங்க. அந்த நேரம் பாத்து இதோ, பக்கவாட்டுல சொத்தை. வலிச்சாத்தானே தெரியும்? சத்தமில்லாம உள்ள போய், வேர் வரைக்கும் எல்லாத்தையும் முடிச்சுடுச்சு."

வகுப்பு வாயைத் திறந்துகொண்டு கேட்டது. அவள் அதோடு நிறுத்தியிருக்கலாம். பேச்சின் ருசி விடவில்லை.

"பல்லுக்குத் தெரிஞ்சதுகூட அந்த வீட்டு ஆளுங்களுக்குத் தெரியல பாத்தீங்களா? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, 'வாயைத் திற, பாக்கிறேன்'னு யாராவது சொல்லியிருந்தா இந்தப் பல்லு இங்க வந்திருக்காது. இவங்களைச் சுத்தி இருந்தவங்க எல்லாம் அப்படி என்ன வெட்டி முறிச்சிட்டு இருந்தாங்களோ!"

சிரிப்பு அடங்குமுன் கேள்விக்குறி கையைத் தூக்கினாள். பின்வரிசை பெருமூச்சு விட்டது.

"மேடம், அதைத்தான் கேக்கணும்னு இருந்தேன். இவங்க தங்கச்சியே பெரிய பல் டாக்டராம்! பிடுங்கும்போது நான்தான் பக்கத்துல நின்னேன். அவங்களே சொன்னாங்க. கூசுதுன்னு தங்கச்சிகிட்ட சொன்னதுக்கு, 'ஒண்ணும் பண்ண வேண்டாம், பல்லே உள்ள சுவர் கட்டிக்கும்'னு சொன்னாங்களாம். பல்லை வச்சு என்ன பண்ணுவீங்கன்னு கேட்டாங்க. அறுத்துப் பாப்போம்னேன். 'அப்ப சுவர் கட்டியிருக்கான்னு பாத்துச் சொல்லும்மா'ன்னாங்க. அதனாலதான் ஜாடியில போடாம தனியா எடுத்து வச்சேன். சொல்லுங்க மேடம், டாக்டரா இருந்துக்கிட்டு யாராவது அப்படிச் சொல்லுவாங்களா?"

பேராசிரியை திரையைத் திரும்பிப் பார்த்தாள். பள்ளம் நடுவில் இல்லை. கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி இருந்தது. அந்தப் பள்ளத்தை அவளுக்குத் தெரியும். அவள் கல்லூரியில் சேர்ந்த வாரம் அக்கா அவளுக்கு வெள்ளைக் கோட்டு தைத்துக்கொடுத்தாள். கடைசிப் பொத்தானை வைத்து முடித்துத் தலையை ஒருபக்கம் சாய்த்து நூலைக் கடித்துத் துப்பிவிட்டு, "போடு குட்டி, பாக்கலாம்" என்றாள். கை கொஞ்சம் நீளம். அதை மடித்துத் தைத்தபோது மறுபடி கடித்தாள். இப்போது சுவர் அளவுக்குப் பெரிதாகி, கறுப்புப் பட்டையும் சொத்தையுமாகத் தொங்கிக்கொண்டிருந்தது அந்த அக்காவின் பல்.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "அந்தத் தங்கச்சி எந்தக் காலேஜ்ல படிச்சாங்கன்னு கேட்டு வச்சுக்க. அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்காம இருக்கலாம்."

வகுப்பு குலுங்கிச் சிரித்தது. எல்லோரும் சிரித்துக்கொண்டே அவளைப் பார்த்தார்கள். அவளும் சிரித்தாள்.

"படிச்சவங்க எல்லாம் டாக்டர் ஆயிட முடியுமா என்ன?" என்றாள். தன் வாய்தான் அதைச் சொல்கிறது என்று அவளுக்கே நம்ப முடியவில்லை. சொன்ன கையோடு அடுத்த பல்லை எடுத்து வைத்தாள். அது யாருடையது, என்ன தொழில் என்று அன்றைக்கு அவளுக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை.

தன் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம்போல் இருந்தது.

அக்கா அப்படிக் கேட்டது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அக்காவுக்குச் சொந்தமாக ஒரு சின்னக் கடை. புதுத்துணி தைப்பது குறைவு. காற்சட்டையின் உயரம் குறைப்பது, ஜிப்பு மாற்றுவது, பள்ளிச் சீருடையின் தையலைப் பிரித்து அகலமாக்குவது, இதுதான் வேலை. அன்று தன் கணவனின் காற்சட்டைகளைக் கொடுத்துவிட்டுப் போக வந்த தங்கை கல்லாப் பக்கம் நின்று கைபேசியில் யாருக்கோ பதில் எழுதிக்கொண்டிருந்தாள். அக்கா தண்ணீர் குடித்துவிட்டுக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"குட்டி, இந்தப் பல்லு தண்ணி பட்டா உயிர் போகுது. என்னன்னு கொஞ்சம் பாரேன்."

அவள் நிமிரவில்லை. "நூலைக் கடிக்கிறல்ல, அதான். டென்டின் வெளிய வந்துடுச்சு. ஒண்ணும் பண்ண வேண்டாம், அதுவே உள்ள சுவர் கட்டிக்கும்," என்று எழுதிக்கொண்டே சொன்னாள். சொன்னதில் பொய் இல்லை. பாடத்தில் உள்ளதுதான். ஒரு நிமிடம் குனிந்து பார்க்க வேண்டிய இடத்தில் ஒரு பாடத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போனாள், அவ்வளவுதான்.

அக்காவோ அதைப் பொக்கிஷமாக வைத்துக்கொண்டாள். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "எங்க குட்டி சொன்னா, பல்லுக்குள்ளயே ஒரு கொத்தனார் உக்காந்திருக்காராம்!" என்று பீற்றிக்கொண்டாள். சில மாதங்களில் கூச்சம் நின்றுவிட்டது. "உன் கொத்தனார் வேலையை முடிச்சுட்டாரு போல" என்று போனில் சிரித்தாள். தங்கையும் சிரித்தாள். அதன்பின் அந்தப் பல்லைப் பற்றிய பேச்சே எழவில்லை.

எழவில்லை என்றும் சொல்ல முடியாது. பதவி உயர்வு வந்தபோது வீட்டில் விருந்து வைத்தாள். கல்லூரி ஆட்கள் வந்திருந்தார்கள். அக்கா ஏதோ ஒரு வேடிக்கைக்கு வாய் நிறையச் சிரித்தாள். பழுப்பேறிய பள்ளம் பளிச்சென்று தெரிந்தது. அவள் அக்காவின் பக்கத்தில் போய், விளையாட்டாகச் சொல்வதுபோல், "அக்கா, பல்லைக் காட்டாம சிரியேன். வந்திருக்கிறது அத்தனையும் பல் டாக்டருங்க," என்று காதில் சொன்னாள். அக்கா உடனே கையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு எங்கே சிரித்தாலும், யாரிடம் பேசினாலும் அந்தக் கை வாயருகே போனது. அதைப் பார்த்தபோதெல்லாம் தனக்குள் ஒரு நிம்மதி வந்ததை இப்போது நினைத்தபோது அவளுக்கு உடம்பு கூனிக் குறுகியது.

போன வாரம்கூட அக்காவின் கடைக்குப் போயிருந்தாள். வண்டியை அணைக்காமல் வாசலில் நிறுத்திவிட்டு ஓடிப்போய்த் துணியைக் கொடுத்தாள். அக்கா கையால் வாயை மூடியபடி, "சாயங்காலம் வந்து வாங்கிக்க" என்றாள். கைக்குப் பின்னால் பல் இல்லை. ஊரிலுள்ளவர்களின் பல்லையெல்லாம் திரையில் போட்டு ஜாதகம் சொல்கிறவளுக்கு அது தெரியவில்லை.

அவள் போனை எடுத்து அக்காவை அழைத்தாள்.

"என்ன குட்டி, இந்த நேரத்துல? கிளாஸ் இல்லையா?"

'கிளாஸ்' என்றபோது காற்று புஸ்ஸென்று கசிந்தது. சில வாரங்களாகவே அந்தக் கசிவு இருந்தது. போனில் ஏதோ கோளாறு என்று நினைத்து, கணவனிடம் கைபேசியை மாற்ற வேண்டும் என்றுகூடச் சொல்லியிருந்தாள்.

"சும்மாதான்கா. சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். நீ?"

"சாப்பிட்டேன்," என்று பொய் சொன்னாள். அக்கா, "வேலை கிடக்கு, வைக்கட்டுமா?" என்று கேட்டு வைத்துவிட்டாள்.

அதன்பின் பல நாட்கள் அவள் தனக்குத்தானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டாள். வேலை அதிகம், தேர்வு நெருங்குகிறது, அக்காவே மறைத்ததை நாம் ஏன் கிளற வேண்டும். ராத்திரி கணவனிடம் சொல்ல வாயெடுத்து, வேறு எதையோ பேசி மழுப்பினாள். வகுப்பில் கேள்விக்குறியின் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டாள். அந்தப் பெண் ஏதாவது கேட்டால், "புத்தகத்துல இருக்கு, போய்ப் பாரு" என்று எரிந்து விழுந்தாள்.

ஒரு நாள் காலையில் அந்தப் பெண்ணே மூச்சு வாங்க அவள் அறைக்கு வந்து நின்றாள்.

"மேடம், அந்தத் தையல்காரம்மா வந்திருக்காங்க! பொய்ப்பல் அளவு எடுக்க. சுவர் இருந்துச்சான்னு வந்ததும் வராததுமா கேக்கிறாங்க. நான் சொன்னா அரைகுறையா இருக்கும். ரெண்டே நிமிஷம் நீங்க வந்து சொல்லுங்களேன் மேடம்."

வேலை இருக்கிறது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். கால்கள் என்னவோ எழுந்து நின்றுவிட்டன.

கீழ்த்தளத்துக் கூடத்துக்கு அவள் வந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. படிப்பு முடிந்ததிலிருந்து உயிருள்ள வாய் ஒன்றையும் அவள் பார்த்ததில்லை. அவளிடம் வருவதெல்லாம் வாயை விட்டு வெளியே வந்த பற்கள்தான். வரிசையாக நாற்காலிகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு விளக்கு, முகமூடி போட்ட மாணவர்கள். "பெருசாத் திறங்க", "துப்புங்க" என்ற சத்தங்களுக்கு நடுவே குடையும் கருவியின் இரைச்சல். ஜன்னலோரத்து நாற்காலியில் கழுத்தில் காகிதத் துண்டு மாட்டி, கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் அக்கா.

அக்கா அவளைப் பார்த்தாள். ஒரு நொடிதான். உடனே முகத்தை மாற்றிக்கொண்டாள்.

"வணக்கம் டாக்டர்," என்றாள், வாயைக் கையால் மறைத்தபடி.

கண் மட்டும் வேறு ஒன்று சொன்னது. சின்ன வயதில் குட்டி எதையாவது உடைத்துவிட்டு முழிக்கும்போது, அப்பாவுக்கு முன்னால் நின்றுகொண்டு அக்கா காட்டும் கண் அது. நீ பேசாம இரு, நான் பாத்துக்கிறேன்.

"இவங்கதான் எங்க மேடம்," என்றாள் கேள்விக்குறி பூரிப்போடு. "உங்க பல்லைப் பாத்தே நீங்க தைக்கிறவங்கன்னு சொல்லிட்டாங்க தெரியுமா?"

"அப்படியா? கெட்டிக்காரங்கதான்." அக்கா அவள் பக்கம் திரும்பினாள். "சுவர் கட்டியிருந்துச்சுங்களா டாக்டர்?"

அந்த 'ங்க' அவள் நெஞ்சில் குத்தியது.

"கட்டியிருந்துச்சு," என்றாள். "நல்லாத் தடிமனா."

அக்காவின் கண்கள் மலர்ந்தன. "பாத்தியாம்மா?" என்றாள் கேள்விக்குறியிடம். "என் தங்கச்சி சொன்னதைக் கேட்டு வகுப்பே சிரிச்சுச்சுன்னு சொன்னியே? அவ சொன்னதுதான் நடந்திருக்கு. அவ படிச்ச படிப்பு ஒண்ணும் பொய் இல்ல." பிறகு பேராசிரியையைப் பார்த்து, கோபமே இல்லாமல், மெதுவாகச் சொன்னாள். "நீங்களும் சிரிச்சீங்களாம். இந்தப் பொண்ணு சொல்லுச்சு. பரவாயில்லைங்க டாக்டர். அவளைத் தெரியாதவங்க சிரிக்கத்தான் செய்வாங்க."

தலையை ஆட்டிவிட்டு மாடி ஏறிப் போய்விடலாம். அக்கா கதவைத் திறந்தே வைத்திருந்தாள். இத்தனை வருஷமும் அப்படித்தான் திறந்து வைத்திருந்தாள், இவளும் போய்க்கொண்டேதான் இருந்தாள். பேராசிரியை கேள்விக்குறியின் பக்கம் திரும்பினாள்.

"அந்தத் தங்கச்சி நான்தான்."

பக்கத்து நாற்காலியில் குடைந்துகொண்டிருந்த சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. "என்ன மேடம்?" என்று குனிந்தாள் மாணவி. அவள் மறுபடி, குரலை உயர்த்தி, "அந்தத் தங்கச்சி நான்தான். இவங்க என் அக்கா. பாக்காமலே அப்படிச் சொன்னது நான்," என்றாள். அந்த நேரம் பார்த்துக் கருவி நின்றுவிட்டது. கூடத்தில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். பின்வரிசைக்காரனும் எங்கோ ஒரு முகமூடிக்குப் பின்னால் நின்றிருந்தான்.

கேள்விக்குறி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. திகைத்துப்போய், கையிலிருந்த அளவு எடுக்கும் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஏன் என்று அவள் கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று பேராசிரியைக்குத் தோன்றியது.

பொங்கியது அக்காதான். "உனக்கு என்னடி, கிறுக்கா பிடிச்சிருக்கு? உன்னை யாரு கேட்டா? இங்கதான் காசு கம்மின்னு வந்தாலும், பேரு குடுக்கும்போதுகூட உன்னைப் பத்தி மூச்சு விடாம, விடியக்காலையில வந்து, ஓரமா உக்காந்து, யார் கண்ணுலயும் படாம பிடுங்கிட்டுப் போனேன். பல் டாக்டரோட அக்கா பல்லு இந்த லட்சணமான்னு நாலு பேர் கேட்டா உனக்குத்தானே கேவலம்? அவ்வளவையும் ஒரு நிமிஷத்துல போட்டு உடைச்சிட்டியே!"

"கேவலம்தான்கா."

"அப்புறம் எதுக்குச் சொன்ன?"

முகம் எரிந்தது. இத்தனை பேர் பார்க்கிறார்களே என்பதைவிட, அக்கா அவளுக்காகக் கட்டிக் காத்ததை மறுபடியும் கேட்காமல் கொள்ளாமல் இடித்துவிட்டோமே என்பது இன்னும் வெட்கமாக இருந்தது. ஆனால் போகவும் மனம் வரவில்லை. சக்கர முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கேள்விக்குறியிடம் கையுறையையும் சின்னக் கண்ணாடியையும் கேட்டு வாங்கினாள். உயிருள்ள வாய்க்குள் அதை எப்படிப் பிடிப்பது என்று கைக்கு மறந்துபோயிருந்தது. இரண்டு தடவை பிடியை மாற்றினாள்.

"வாயைத் திறக்கா. பாக்கிறேன்," என்றாள்.

அன்றைக்குத் திரைக்கு முன்னால் நின்று தான் முழங்கிய அதே வார்த்தைகள் என்பது சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கேள்விக்குறிக்கும் உறைத்திருக்கும். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

அக்கா தலையைச் சாய்த்தாள். விளக்கு அவள் முகத்தில் விழுந்தது. வாய் திறக்கப்போன நேரம் கை எழுந்து குறுக்கே வந்து மூடிக்கொண்டது.

"கையை எடுக்கா."

"எடுக்கிறேன், இரு." எடுக்கவில்லை. ஊசி குத்திக் குத்தித் தடித்த விரல்கள் உதட்டின்மேல் அப்படியே இருந்தன. அக்காவே அதை வேடிக்கையாகப் பார்த்தாள். "நான் சிரிக்கக்கூட இல்லையே," என்றாள் விரல்களுக்குப் பின்னாலிருந்து. "இது ஏன் தானா வருதுன்னே தெரியல குட்டி."

குட்டிக்குத் தெரியும். கையைப் பிடித்து விலக்க அவளுக்குத் துணிவு வரவில்லை. கண்ணாடியைப் பிடித்தபடி, மாணவி பார்த்துக்கொண்டிருக்க, தான் அங்கே வைத்த கை தானாக இறங்கட்டும் என்று காத்துக்கொண்டிருந்தாள்.